சாமி கண்ணைக் குத்துமா?

(திருக்குடும்பத் திருவிழாவன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் கட்டிய நட்சத்திரங்கள் இன்னும் நம் வாசல்களில் தொங்குகின்றன. குடிலில் பரப்பிய வைக்கோலும் இன்னும் கலையவில்லை. அதற்குள் திருஅவை நம்மைத் திருக்குடும்பத் திருவிழாவுக்கு அழைத்து வந்துவிட்டது. பன்னிரண்டு வயது இயேசு எருசலேம் கோவிலில் தங்கிவிட்ட நிகழ்ச்சியை இன்றைய நற்செய்தியில் கேட்கிறோம். அந்த வீட்டுக்குள் போவதற்கு முன்னால் நம் வீட்டுக்குள் ஒருமுறை போய் வருவோம்.

இரவு எட்டு மணி. தொலைக்காட்சியை அணைத்தாகிவிட்டது. திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னே பாய் விரித்துப் பாட்டி செபமாலையைக் கையில் எடுத்துவிட்டார். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பையன் முழந்தாளிட்டுக் கைகூப்பி இருக்கிறான். அன்று காலை பள்ளியில் அவனுடைய உயிர் நண்பன் இவனை விட்டுவிட்டு வேறொருவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். மதியம் இவன் தனியாகச் சோறு சாப்பிட்டான். வீட்டுக்கு வந்து அழுதபோது, "ஆம்பளப் பிள்ளை இதுக்கெல்லாம் அழலாமாடா?" என்று அப்பா சிரித்தார். இப்போது செபவேளை. அவன் முறை வருகிறது. "இயேசு சாமி, அம்மாவை ஆசீர்வதியும், அப்பாவை ஆசீர்வதியும், பாட்டிக்குக் கால்வலி சுகமாகணும், நான் நல்லாப் படிக்கணும், ஆமென்." ஒரு சொல் தடுக்காமல் சொல்லிவிட்டான் என்று பாட்டிக்குப் பெருமை.

இந்தச் செபத்தில் தவறு ஒன்றுமில்லை. பாட்டியின் கால்வலி ஆண்டவருக்குச் சொல்ல வேண்டிய செய்திதான். ஆனால் அந்தப் பிள்ளையின் அன்றைய நாள் அதில் எங்குமே இல்லை. அவன் தனியாகச் சாப்பிட்ட சோறு செபத்துக்குள் வரவில்லை. வரக்கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வரலாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

மறைக்கல்வி வகுப்புக்குப் போகிற வயது வருமுன்பே நம் பிள்ளைகள் கடவுளைப் பற்றி ஒரு பாடம் படித்துவிடுகிறார்கள். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். சோற்றைக் கீழே கொட்டினால் சாமி கண்ணைக் குத்தும். தம்பியை அடித்தால், பாட்டியை எதிர்த்துப் பேசினால், எல்லாவற்றுக்கும் அதே கண், அதே விரல். நாம் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. நமக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள். அவசரத்துக்கு அது கைகொடுக்கிறது, பிள்ளையும் அடங்கிவிடுகிறது. ஆனால் பிள்ளையின் பக்கமிருந்து பாருங்கள். கடவுள் என்பவர் தன் கண்ணையே குறிவைத்து விரலை நீட்டிக்கொண்டிருப்பவர். அப்படிப்பட்டவர் முன்னால் யாருக்காவது அழத் தோன்றுமா?

பிள்ளை கோபமாகச் செபத்துக்கு வந்து உட்கார்ந்தால், "சாமி முன்னாடி மூஞ்சிய இப்படியா வச்சிருக்கிறது?" என்கிறோம். உடனே மூஞ்சியை மாற்றிக்கொள்கிறது. கோபத்தை என்ன செய்வது என்றுதான் அதற்குத் தெரியவில்லை. ஆண்டவருக்குக் காட்ட ஒரு முகம், உள்ளே வேறொரு முகம் என்கிற பழக்கம் இப்படித்தான் வேர்பிடிக்கிறது. அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை அருள்பணியாளர்களாகிய நாங்கள் துக்க வீடுகளில் பார்க்கிறோம். ஐம்பது வயதுக்காரர் எங்களைத் தனியே அழைத்துப்போய், "சாமி, கடவுள்மேலேயே கோவம் கோவமா வருது. செபமே சொல்ல முடியல. இது பெரிய பாவமா?" என்று காதோடு கேட்கிறார். ஐம்பது ஆண்டுகளாகக் குடும்ப செபம் சொன்ன வீட்டுப் பிள்ளை அவர். மனத்தில் இருப்பதைக் கடவுளிடமே சொல்லலாம் என்பதை மட்டும் அந்த ஐம்பது ஆண்டுகளில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இப்போது நற்செய்திக்கு வருவோம்.

நாசரேத்திலிருந்து எருசலேம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். பாஸ்கா விழாவுக்கு ஊரும் உறவுமாகத்தான் நடந்து போவார்கள், வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்திப் போகிற நம் பாதயாத்திரைக் கூட்டம் போல. அப்படிப் போகும்போது பிள்ளை சித்தப்பாவோடு வருவான், மாமா பிள்ளைகளோடு வருவான் என்று ஆளுக்கொரு நினைப்பில் நடப்பது இயல்பு. ஒரு நாள் பயணத்துக்குப் பிறகு தேடினால் பிள்ளை இல்லை. திரும்பி ஓடுகிறார்கள். மூன்று நாளுக்குப் பின் கோவிலில் கண்டுபிடிக்கிறார்கள். செப்டம்பர் 8 நெருங்குகிற நாள்களில் வேளாங்கண்ணியில் ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்டவர்களுக்கு அந்த மூன்று நாள் எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. காணாமற்போன பிள்ளை கிடைத்ததும் நம் அம்மாக்கள் என்ன செய்வார்கள்? முதுகில் ஒன்று வைப்பார்கள். அடுத்த நொடியே கட்டிப்பிடித்து அழுவார்கள்.

அன்னை மரியா அடிக்கவில்லை; ஆனால் மறைக்கவும் இல்லை. எங்களுக்கு ஏன் இப்படிச் செய்தாய் என்கிற பொருளில் மகனிடம் நேராகவே கேட்கிறார். அவனுடைய தந்தையும் தானும் எவ்வளவு தவித்துத் தேடினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறார். அறிஞர்கள் சூழ உட்கார்ந்திருக்கிறார்களே, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அவர் அடக்கிக்கொண்டதாக லூக்கா எழுதவில்லை. தவிப்பு, ஆற்றாமை, கொஞ்சம் கோபமும்கூட, எல்லாம் அந்தக் கோவிலுக்குள்ளேயே வெளிவருகின்றன.

யாரிடம் சொல்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். தம் மகனிடம். அந்த மகன் இறைமகன் என்று நம்புகிற நமக்கு, இது ஒரு தாய் ஆண்டவரிடம் சொன்ன சொல். செபம் என்பதே அதுதானே! மரியா இயேசுவிடம் நேரே பேசிய சொற்களாக நற்செய்தியாளர்கள் பதிவு செய்திருப்பவை இரண்டே இரண்டு. கானாவில் திராட்சை இரசம் தீர்ந்துபோனதைச் சொன்னது ஒன்று. எருசலேம் கோவிலில் தம் வேதனையைச் சொன்னது மற்றொன்று. ஒன்று வீட்டுக்குறை, மற்றொன்று மனக்குறை. திருக்குடும்பத்தின் குடும்ப செபம் எப்படி இருந்திருக்கும் என்று நாம் வியக்கிறோம். அதிலிருந்து நமக்குக் கிடைத்திருக்கும் துளிகள் இவைதான்.

மரியாவுக்குப் பதில் கிடைத்தது. ஆனால் அது அவர்களுக்குப் புரியவில்லை. லூக்காவே ஒளிவுமறைவில்லாமல் அப்படி எழுதிவிடுகிறார். புரியாத பதிலை மனத்தில் வைத்துக்கொண்டே தாய் நடந்தார். மகனும் அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பினார்.

இஸ்ரயேல் மக்கள் தங்கள் பிள்ளைகளின் நாவில் வைத்த செபங்களும் இப்படிப்பட்டவையே. திருப்பாடல்கள் 150இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை முறையீடுகளும் புலம்பல்களும். பதின்மூன்றாம் திருப்பாடல் எத்தனை காலத்துக்கு என்று ஆண்டவரை நான்கு முறை கேட்கிறது. எண்பத்தெட்டாம் திருப்பாடலில் அந்த ஆறுதலும் இல்லை, இருளிலேயே முடிந்துவிடுகிறது. புகழ்ச்சியாக ஒரு வரியைக் கடைசியில் சேர்த்துவிட யாருக்கும் கை வரவில்லை போலும். அதைத்தான் திருப்புகழ்மாலையில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும், தூங்கப் போகுமுன், திருஅவை எங்கள் கையில் கொடுக்கிறது. குருமடத்தில் சேர்ந்த புதிதில் எங்களுக்கு அது பிடிக்காது. இவ்வளவு சோகமாக ஒரு செபமா, அதுவும் இரவிலா என்று நினைப்போம். நாங்கள் சோகமாக இல்லாத இரவிலும், அந்த நேரத்தில் இருளில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவருக்காக அதைச் சொல்கிறோம் என்பது பிறகுதான் விளங்கியது.

அப்படி விளங்கிய நாள்களில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரிக் கடலோரத்தைத் தாக்கியது. ஆழ்கடலில் தொழிலுக்குப் போயிருந்த மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. பலருக்கு உடலும் கிடைக்கவில்லை. அடக்கம் செய்ய உடல் இல்லாத வீட்டில் துக்கத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அருள்பணியாளர்களும் அருள்சகோதரிகளுமாக நாங்கள் சிலர் கடலோர ஊர்களில் வீடுவீடாகப் போனோம்.

ஒரு வீட்டில் பத்து வயதுப் பெண்பிள்ளை இருந்தாள். அப்பா வரவில்லை. திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் இரவும் பகலும் எரியும் சிவப்பு பல்பை அவள் அணைத்து வைத்திருந்தாள். யாரையும் போடவிடவில்லை. அன்பியத்தார் செபமாலை சொல்ல வந்தால் எழுந்து வீட்டின் பின்புறம் போய்விடுவாள். நாங்கள் போன அன்று உறவுக்கார அம்மா ஒருவர் அவளைப் பிடித்துவைத்து, "சாமிகிட்ட கோவிக்கலாமா மக்களே? அப்பா வரணும்னா போய் லைட்டப் போடு" என்றார். எங்களுக்குத் திக்கென்றது. அப்பா வராமல் போனால் அது பல்பை அணைத்த பிள்ளையின் குற்றம் என்றல்லவா ஆகிவிடும்! அன்பாகச் சொன்ன சொல்தான். அந்தப் பிள்ளை வாழ்நாளெல்லாம் சுமக்க வேண்டிய பாரமும் அதுவே.

அவளுடைய பாட்டி, மகனைக் கடலில் தொலைத்தவர், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "லைட்டு போடாண்டாம்" என்றார். "பிள்ள ஆண்டவருகிட்ட சண்ட பிடிக்கா. பிடிக்கட்டு." பிறகு எங்களைப் பார்க்காமல், அணைந்து கிடந்த அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்து, "எனக்கும் ஒம்மேல கோவந்தான். எம் மவன எங்க வச்சிருக்க?" என்று கேட்டார். வேறெதுவும் சொல்லவில்லை. செபமாலையைத் தொடங்க எங்களில் ஒருவருக்கும் நா எழவில்லை. சற்று நேரம் கழித்துப் பார்த்தால், பின்புறம் போயிருந்த பிள்ளை கதவோரம் வந்து நிற்கிறாள்.

ஆறுதல் சொல்லப் போனவர்கள் நாங்கள். எங்களிடம் சில ஆயத்தமான சொற்கள் இருந்தன: எல்லாம் ஆண்டவரின் சித்தம், அப்பா வானகத்திலிருந்து பார்த்துக்கொள்வார் என்பன போல. அந்த வீட்டில் அவற்றுக்கு வேலையில்லாமல் போயிற்று. தவக்காலத்தில் மறுபடி அங்கே போனோம். பல்ப் அப்போதும் எரியவில்லை. ஆனால் அவள் பாயில் இருந்தாள், பாட்டியின் தோளில் சாய்ந்தபடி, வாய் திறக்காமல்.

2015 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் மணிலாவுக்குப் போயிருந்தார். தெருவில் வாழ்ந்து மீண்ட பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, குழந்தைகள் இவ்வளவு துன்பப்படக் கடவுள் ஏன் விடுகிறார் என்று அவரிடம் கேட்கத் தொடங்கி, முடிக்க முடியாமல் அழுதுவிட்டாள். கையில் ஆயத்தம் செய்து வைத்திருந்த உரையைத் திருத்தந்தை ஒதுக்கி வைத்துவிட்டார். விடை சொல்ல முடியாத கேள்வியை அவள் கேட்டிருக்கிறாள் என்றும், சொல்லால் கேட்க முடியாமல் கண்ணீரால் கேட்டிருக்கிறாள் என்றும் கூட்டத்துக்கு எடுத்துச் சொன்னார். கோவிலில் இயேசு இருந்த அதே வயதுதான் அவளுக்கும். நம் வீட்டில் ஒரு பிள்ளை அப்படிக் கேட்டால் நாமும் உரையை ஒதுக்கி வைக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று பிள்ளையிடம் சொல்வது நம்பிக்கைக் குறைவாகாது.

அப்படியானால் நம் குடும்ப செபத்தை என்ன செய்வது? செபமாலையை விட்டுவிட வேண்டுமா? வேண்டவே வேண்டாம். மனம் பேச மறுக்கிற நாளிலும் வாய்க்குச் சொல் கொடுப்பது அதுதான். அந்தக் கடலோர வீட்டிலும் கதவோரம் நின்ற பிள்ளையின் காதில் விழுந்துகொண்டிருந்தது அதுவே. ஐந்து பத்துமணிகளும் முடிந்து, கிருபை தயாபத்து செபத்துக்கு முன்னால், ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். இன்று எது மகிழ்ச்சியாக இருந்தது, எது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது, இவ்விரண்டையும் ஆளுக்கொரு சொல்லில் ஆண்டவரிடம் சொல்வோம். புனித இலொயோலா இஞ்ஞாசியார் தம் தோழர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனையை வீட்டுப் பாயில் உட்கார்ந்து செய்கிறோம், அவ்வளவுதான்.

முதலில் பேச வேண்டியவர்கள் பெரியவர்கள். "ஆண்டவரே, இன்னைக்கு வேலை செய்யுற இடத்துல எல்லார் முன்னாலயும் என்னைத் திட்டிட்டாங்க. இன்னும் மனசு ஆறல" என்று ஒரு தகப்பன் சொல்லட்டும். ஆம்பளப் பிள்ளை அழலாமா என்று கேட்ட அதே தகப்பன்தான். அதற்குப் பிறகு அந்த மூன்றாம் வகுப்புப் பையனுக்கு நாம் தனியாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கடன்காரன் வாசலில் வந்து நின்றதையும், கணவன் மனைவிச் சண்டையையும் பிள்ளைகள் முன் கொட்ட வேண்டாம். அவற்றை அவர்கள் தூங்கியபின் சொல்லுங்கள். ஆண்டவர் விழித்துத்தான் இருப்பார்.

அடுத்தது, பெற்றோர் பலருக்கும் உள்ள ஒரு பழக்கம். எங்களைச் சிரிக்கவும் வைக்கும், வருத்தவும் செய்யும். வீடு மந்திரிக்கப் போயிருப்போம். எல்லாரும் கண்மூடிச் செபிக்கும்போது அம்மா உரத்த குரலில், "ஆண்டவரே, இவனுக்கு நல்ல புத்தியக் கொடும், கணக்குல 42 மார்க்குதான் வாங்கியிருக்கான், எந்நேரமும் போனைத்தான் நோண்டுறான்" என்பார். அது ஆண்டவருக்குச் சொன்னதல்ல. சாமியாரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பிள்ளைக்குச் சொன்னது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால் பையன் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பான். செபம் என்றால் தன்னைத் திட்டும் இடம் என்று எண்ணிவிட்ட பிள்ளை அங்கே வாய் திறக்குமா?

அதேபோல, செபத்தில் காதில் விழுந்ததைச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது எடுக்காதீர்கள். "நேத்து நீயே சொன்னியே, பொறாமையா இருக்குன்னு" என்று ஒருமுறை குத்திக்காட்டினால் போதும், அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை நாங்கள் வெளியே சொல்வதில்லை என்று நீங்கள் எங்களை நம்புகிறீர்கள். உங்கள் பிள்ளையும் அதே நம்பிக்கையை உங்களிடம் எதிர்பார்க்கிறது.

பிள்ளை சொல்வது நம் காதுக்கு இனிக்காமல் போகலாம். "அவன் செத்துப் போகணும்" என்று வகுப்பில் தன்னை அடித்தவனைப் பற்றிச் சொல்லிவிடலாம். பதறாதீர்கள். பாபிலோனுக்குக் கைதியாகப் போன மக்களின் 137ஆம் திருப்பாடல் அதைவிடக் கொடியதைக் கேட்கிறது. அந்தக் கடைசி வரிகளைத் திருஅவை தன் பொது செபத்தில் சேர்ப்பதில்லை. ஆனால் விவிலியத்திலிருந்து அவற்றை நீக்கவும் இல்லை. ஆண்டவரின் காதில் போட்டுவிட்ட கோபம் கைக்கு இறங்குவது குறைவு. "உனக்கு எவ்வளவு வலிச்சிருந்தா அப்படிச் சொல்லுவ" என்று பிள்ளையை அணைத்துக்கொள்ளுங்கள். மன்னிப்பைப் பற்றி நாளைக்குப் பேசலாம். காயம் எது என்று தெரியுமுன் மருந்தை அள்ளிப் பூசக் கூடாது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறோம். பெரியவர் யாரோ தன்னைத் தொட்டார், மிரட்டினார் என்று பிள்ளை சொன்னாலோ, சொல்லத் தயங்கி நின்றாலோ, செபத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நம்புங்கள். அந்த ஆள் உறவினரானாலும், ஆசிரியரானாலும், எங்களைப் போலத் திருஅவையில் பணியாற்றுபவரானாலும், பிள்ளையின் பக்கம் நில்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். அதேபோல, சாப்பிடாமல், தூங்காமல், விளையாடாமல் வாரக்கணக்கில் முடங்கிக் கிடக்கும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள். லாசரின் கல்லறை முன் அழுத இயேசு, அழுதுவிட்டுக் கல்லை அகற்றவும் சொன்னார். கல்லை அகற்றுவது நம் வேலை.

இன்று இரவே தொடங்கிப் பார்க்கலாம். முதல் நாள் எல்லாரும் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். இரண்டாம் நாள் பிள்ளை, "ஒண்ணுமில்ல" என்று சொல்லும். அதை ஏற்றுக்கொண்டு அடுத்தவரிடம் போங்கள். துருவிக் கேட்க அது விசாரணை அல்ல. சில நாள்களில் உங்கள் கேள்விக்கு, "தூக்கம் வருது" என்பது மட்டுமே பதிலாகக் கிடைக்கும். அதுவும் ஆண்டவருக்குச் சொல்ல வேண்டிய செய்திதான். குழந்தை இயேசுவின் புனித தெரேசாவும் கார்மேல் மடத்தில் செபவேளையில் தூங்கிவிடுவாராம். அவரே எழுதி வைத்திருக்கிறார். தூங்குகிற பிள்ளையும் பெற்றோருக்குச் செல்லப் பிள்ளைதானே என்று அவர் வருத்தப்படவில்லை. எனவே எழுப்ப வேண்டாம். நெற்றியில் சிலுவை வரைந்து, போர்வையை இழுத்துவிட்டு, கிருபை தயாபத்தை மெதுவாகச் சொல்லி முடியுங்கள்.